பூவானின் கைப்பழக்கம்

எங்கள் பேட்டையில் பெத்தாங் ஆட்டத்தில் பதின்மூன்றுக்குப் பூஜ்யம் என்று தோற்றவன் மேசைக்கு அடியில் தவழ்ந்து போக வேண்டும். மந்திரியானாலும் சரி, மாமனாரானாலும் சரி. மேசையைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்கள் காலைக்கூட நகர்த்த மாட்டார்கள். செருப்பு மூக்கில் இடிக்கும். நான் அப்படி மூன்று தடவை தவழ்ந்திருக்கிறேன். மூன்று தடவையும் பூவானிடம் தோற்றுத்தான். மூன்றாவது தடவை என் மருமகன் அதைப் படம் பிடித்து ஊர் முழுக்க அனுப்பிவிட்டான். ஆகவே நான் அவளைப் பற்றிச் சொல்வதில் கொஞ்சம் வயிற்றெரிச்சல் கலந்திருக்கும். அதைக் கழித்துக்கொண்டு படியுங்கள்.

என் மோட்டார் சைக்கிள் பட்டறைக்கு எதிரே அவளுடைய நூடுல்ஸ் கடை. காலை ஆறு மணிக்கு அடுப்பில் ஏறும் பானை பத்தரைக்குக் காலியாகிவிடும். அதற்கப்புறம் கடைக்குப் பின்னால் இருக்கும் சரளை மண் தரையில் ஆட்டம். இரண்டு மாமரம், சுற்றிலும் பிளாஸ்டிக் நாற்காலிகள், வாளியில் ஐஸ் போட்ட பீர். எங்கள் தலைநகரம் வியஞ்சானில் இப்படி நூறு இடம் இருக்கிறது. எங்களுக்கு இதுதான் இடம்.

ஆட்டம் தெரியாதவர்களுக்கு இரண்டு வார்த்தை. முதலில் ஒரு சின்ன மர உருண்டையை வீசுவோம். அதற்குக் குட்டி என்று பெயர். பிறகு ஆளுக்கு மூன்று இரும்புக் குண்டுகளை அதன் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். எதிராளியின் குண்டு இடைஞ்சலாக நின்றால் அதை அடித்துத் தள்ளலாம். எல்லாரும் வீசி முடித்ததும், எதிராளியின் மிக நெருங்கிய குண்டைவிட நம் குண்டுகள் எத்தனை குட்டிக்குக் கிட்டத்தில் நிற்கின்றனவோ அத்தனை புள்ளி நமக்கு. முதலில் பதின்மூன்று எடுத்தவன் ஜெயித்தான். சின்னப் பிள்ளைக்கும் புரியும். ஆனால் முப்பது வருடம் ஆடியும் எனக்குக் கைவரவில்லை.

பூவான் இதை யாரிடமும் போய்க் கற்றுக்கொள்ளவில்லை. இருபது வயதில் இந்தக் கடைக்கு மருமகளாக வந்தாள். நாங்கள் ஆம்பிளைகள் ஆடுவோம், ஒரு சுற்று முடிந்ததும் குனிந்து குண்டை எடுக்கச் சோம்பல்பட்டு நாற்காலியில் சாய்ந்துவிடுவோம். அவள்தான் பீர்த் தட்டை ஒரு கையில் ஏந்திக்கொண்டு வந்து, கிடக்கிற குண்டுகளையெல்லாம் எடுத்து, தோளில் கிடக்கும் துண்டால் துடைப்பாள். பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கையில் கொடுப்பாள். தூரத்தில் இருப்பவர்களுக்கு நடந்துபோய்க் கொடுக்க நேரம் ஏது? அங்கிருந்தே கீழ்க்கையாக வீசுவாள்.

"கியோ அண்ணே, உங்க காலுகிட்ட!"

குண்டு பத்தடி பறந்து, இரண்டடி உருண்டு, என் செருப்பைத் தொட்டும் தொடாமல் வந்து நிற்கும். இப்படி ஒரு நாளைக்கு இருநூறு தடவை, இருபத்தாறு வருடம். உலகத்திலேயே இத்தனை குண்டு வீசிய பெண்பிள்ளை வேறு ஒருத்தி இருக்க முடியாது. அது எங்கள் மரமண்டையில் ஏறவே இல்லை. நாலு பேர் சேரவேண்டிய ஆட்டத்துக்கு ஒரு ஆள் குறைந்தால், "பூவான், சும்மா வந்து நில்லு" என்று கூப்பிடுவோம். சும்மா வந்து நின்று எங்களைத் தவழ வைத்துவிட்டுப் போவாள்.

கண்டுபிடித்தது சிசவாட். தேசிய அணியின் பயிற்சியாளர், சூப் குடிக்க வந்த மனிதர். பூவான் பின்பக்கம் போய்க் குண்டுகளை வீசிக்கொடுப்பதைப் பார்த்தார். கரண்டி வாய்க்குப் போகவில்லை. எழுந்து பின்னால் போனவர் அரைமணி நேரம் அவளோடு ஆடினார். மேசைக்கடியில் போகாமல் தப்பித்தார். ஒரு புள்ளி எடுத்துவிட்டார்.

"ஏம்மா, இந்தக் கையை இத்தனை வருஷமா எங்க வெச்சிருந்தீங்க?" என்று கேட்டார்.

"சூப்புக்குள்ளதான்," என்றாள் பூவான்.

நாற்பத்தாறு வயதில் அவள் நாட்டுக்கு ஆடப் போனது இப்படித்தான். அந்த வருடம் தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டி எங்கள் ஊரிலேயே நடந்தது. பத்துப் பதினோரு நாட்டுப் பிள்ளைகள் ஓடவும் நீந்தவும் குத்துச்சண்டை போடவும் வந்து இறங்கினார்கள். பேட்டை முழுக்கக் கொடி. பூவானுக்குக் கொடுத்த அணிச் சட்டையை அவள் வீட்டுக்காரன் கண்ணாடித் தாளோடு கடையில் தொங்கவிட்டான். வருகிறவர்களெல்லாம் அதைத் தொட்டுப் பார்த்து அதில் சூப் வாடை ஏறிவிட்டது.

பெண்கள் இரட்டையர் ஆட்டத்தில் அவளுக்கு ஜோடி தாவோன். சவன்னகேத் பக்கத்திலிருந்து வந்த பத்தொன்பது வயதுப் பெண். பூவான் குண்டை வைப்பவள், தாவோன் அடிப்பவள். அந்தப் பெண் பத்து வீச்சில் எட்டை நேராக எதிராளி குண்டின் தலையில் இறக்குவாள். வாயும் அப்படித்தான், நேராகத் தலையில் இறக்குவாள். அவளுக்கு இந்த ஆட்டம் விளையாட்டு இல்லை. தங்கம் வாங்கினால் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியை வேலை நிச்சயம் என்று எழுத்தில் கொடுத்திருந்தார்கள். வெள்ளி வாங்கினால் சான்றிதழும் கைகுலுக்கலும். வீட்டில் மரவள்ளித் தோட்டம், இடுப்பு ஒடிந்து படுத்திருக்கும் அப்பா, நாலு தம்பி தங்கைகள். வேலை கிடைக்காவிட்டால் ஆற்றைக் கடந்து தாய்லாந்துப் பக்கம் தையல் ஆலைக்குப் போவதாக முடிவாகி, கூட்டிப்போகிற ஆளும் வந்து பேசிவிட்டுப் போயிருந்தான். பூவானுக்கு இதெல்லாம் தெரியும். ஒரே அறையில் மூன்று மாதம் தூங்கியவர்களுக்கு எது தெரியாது?

பூவானிடம் ஒரே ஒரு குறை. குண்டை எடுத்துவிடுவாள்.

பெரிய போட்டிகளில் ஒரு சட்டம் உண்டு. சுற்று முடிந்ததும் இரண்டு அணியும் கிட்டே போய்ப் பார்த்து, இத்தனை புள்ளி என்று ஒப்புக்கொள்ள வேண்டும். சந்தேகம் வந்தால் நடுவர் நாடா வைத்து அளப்பார். அதற்கு முன்னால் கையில் எடுத்த குண்டு செத்த குண்டு. அதற்குப் புள்ளி கிடையாது. பூவானோ கடைசிக் குண்டு நின்ற மறுகணம் குனிந்துவிடுவாள். சுற்று முடிந்தால் தரையைச் சுத்தம் செய்ய வேண்டும், வாடிக்கையாளர் காத்திருக்கிறார்; இருபத்தாறு வருடம் அவள் முதுகெலும்பு படித்த பாடம் அது. போதாததற்கு எதிராளியின் குண்டையும் எடுத்துத் துடைத்து இரண்டு கையாலும் நீட்டுவாள்.

"பெரிம்மா! இது உங்க கடை இல்ல!" என்று தாவோன் கத்துவாள்.

"தெரியும்டி. கை கேக்க மாட்டேங்குது."

"கைக்கு எத்தனை வயசாச்சு? சொன்னா கேக்காதா?"

"உங்க பெரிப்பாகூடத்தான் சொன்னா கேக்குறதில்ல. என்ன பண்றது?"

சிசவாட் ஒரு வழி செய்தார். வீசி முடித்ததும் இரண்டு கையையும் அக்குளில் வைத்து அமுக்கிக்கொண்டு நிற்க வேண்டும் என்றார். மூன்று மாதம் அதுதான் பயிற்சி. போட்டி தொடங்கியபோது பூவான் அடைகாக்கிற கோழி மாதிரி நிற்பதைப் பார்த்து முதல் நாள் எல்லாரும் சிரித்தார்கள். மூன்றாம் நாள், மலேசியாவையும் வியட்நாமையும் ஜெயித்த பிறகு, பார்க்க வந்த பிள்ளைகளெல்லாம் அக்குளில் கையை வைத்துக்கொண்டு திரிந்தார்கள்.

இறுதி ஆட்டம் தாய்லாந்தோடு. வேறு யாரோடு இருக்கும்? இந்தத் தங்கம் எப்போதும் ஆற்றுக்கு அந்தப் பக்கம்தான் போகும். அவர்கள் அணியில் பிம்சிரி என்று ஒரு அம்மாள், பூவானைவிட இரண்டு மூன்று வயது சின்னவளாக இருப்பாள். ஐந்து முறை இந்தப் பதக்கத்தை வாங்கியவள். முகத்தில் ஒன்றும் தெரியாது. தபால் நிலையத்தில் முத்திரை குத்துகிற மாதிரி குண்டு வீசுவாள். கூட ஒரு இளம்பெண்.

அன்று காலை நாங்கள் கடையில் கூடி பூவானுக்கும் தாவோனுக்கும் எங்கள் வழக்கப்படி மணிக்கட்டில் வெள்ளை நூல் கட்டி, உயிரை உடம்பைவிட்டு அலையாமல் பத்திரமாக இருக்கச் சொல்லி அனுப்பினோம். ஒட்டரிசிச் சோறும் அவித்த முட்டையும் கையில் கொடுத்தோம். பூவானுக்கு முழங்கைவரை நூல். மூன்று மணிக்கு ஆட்டம். அறுநூறு பேர் உட்காரும் கொட்டகையில் ஆயிரம் பேர். எங்கள் பேட்டை ஆட்கள் கம்பித் தடுப்புக்கு ஒட்டி முன்வரிசையில்.

ஆட்டத்தை முழுக்கச் சொன்னால் விடிந்துவிடும். ஏற்றம், இறக்கம், கடைசியில் நாங்கள் பத்து, அவர்கள் ஒன்பது. அடுத்த சுற்றில் பூவான் வைத்த இரண்டு குண்டுகள் குட்டியின் இரண்டு பக்கமும் காவல்காரர்கள் போல நின்றன. தாவோனுடைய ஒரு குண்டு கொஞ்சம் பின்னால். பிம்சிரியின் கடைசி வீச்சு தவறி வெளியே ஓடியது. எல்லார் கையும் காலி. கிட்டத்தில் நிற்பது மூன்றும் எங்களுடையது. பத்தும் மூன்றும் பதின்மூன்று!

கொட்டகை எழுந்தது. நான் பக்கத்தில் இருந்தவனைக் கட்டிப்பிடித்தேன். அவன் யாரென்று இன்றுவரை தெரியாது. கட்டிப்பிடித்த கைக்கு மேலே கண்ணை விட்டால், பூவான் நடக்கிறாள். சிரித்துக்கொண்டு, தோளிலிருந்து துண்டை உருவிக்கொண்டு நடக்கிறாள்.

"பெரிம்மா!" என்று தாவோன் கத்தியது எனக்குக் கேட்டது. அவளுக்குக் கேட்கவில்லை. குனிந்தாள். குட்டிக்குப் பக்கத்தில் நின்ற தன் இரண்டு குண்டுகளையும் எடுத்து, துண்டால் துடைத்து, அடுத்து பிம்சிரியின் குண்டுக்குக் கை நீட்டினாள். நடுவர் கையை உயர்த்தினார்.

மூன்றாவது குண்டை அளக்க வேண்டும் என்று பிம்சிரியின் ஜோடிப் பெண் அப்போதுதான் கேட்டிருந்தாள். கேட்க அவளுக்கு உரிமை உண்டு. புள்ளி இன்னும் ஒப்புக்கொள்ளப்படவில்லை. எடுத்த இரண்டும் செத்த குண்டுகள். தரையில் மிச்சம் தாவோனுடைய ஒன்று. அளந்தார்கள், எங்களுக்கு ஒரு புள்ளி. பதின்மூன்றில்லை, பதினொன்று. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழியை உடைப்பது என்பார்களே, நான் கண்ணால் பார்த்தது அன்றுதான்.

கொட்டகையே அழுகிறதா திட்டுகிறதா என்று தெரியாத ஒரு சத்தம் போட்டது. சிலர் தாய்லாந்துப் பெண்களை ஏசினார்கள். அவர்கள் பேசுவது எங்களுக்கு நன்றாகப் புரியும். நாங்கள் பேசுவது அவர்களுக்குப் புரிந்தும் புரியாத மாதிரி இருப்பார்கள். நான் அவர்களை ஏசவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு, "அந்தக் கையை ஒடிச்சு அடுப்புல வெய்யிடி!" என்று பூவானைப் பார்த்துக் கத்தினேன். இருபத்தாறு வருடம் எனக்குக் குண்டு எடுத்துக் கொடுத்த கை. சொன்ன மறுநிமிடம் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்த முகத்தை நான் மறக்க விரும்புகிறேன், முடியவில்லை.

தாவோன் ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தாலாவது தேவலை. முகத்தைத் திருப்பிக்கொண்டு தன் குண்டைத் துடைத்துக்கொண்டே நின்றாள், துடைத்தாள், துடைத்தாள். அடுத்த சுற்றில் பூவானின் கை ஓடவில்லை. இருபத்தாறு வருடத்தில் அவள் குண்டு குட்டியைத் தாண்டி உருண்டு நான் பார்த்ததில்லை. அன்று மூன்றும் உருண்டன. தாய்லாந்துக்கு மூன்று புள்ளி. அவர்கள் பன்னிரண்டு, நாங்கள் பதினொன்று. இன்னும் ஒன்று எடுத்தால் அவர்களுக்குத் தங்கம். எங்களுக்கு இரண்டு வேண்டும்.

கடைசிச் சுற்றுக்கு முன்னால் பூவான் செருப்பு மாதிரி தொளதொளத்த அந்த விளையாட்டுக் காலணியை அவிழ்த்து இறுக்கிக் கட்டினாள். நாடாவைக் கட்ட விரல் வளையவில்லை என்பதை நான் இங்கிருந்தே பார்த்தேன். முதல் குண்டு போயிற்று, அடித்துத் தள்ளினார்கள். இரண்டாவது குட்டிக்கு ஒரு சாண் தூரத்தில் நின்றது. மூன்றாவது குட்டியை முத்தமிடுகிற மாதிரி ஒட்டி நின்றது. மூச்சு வந்தது எங்களுக்கு. பிம்சிரியும் சும்மா இருக்கவில்லை. பூவானின் அந்த இரண்டு குண்டுகளுக்கு நடுவில் நூல் பிடித்தமாதிரி ஒன்றைக் கொண்டுவந்து செருகினாள். அத்தோடு அவர்கள் கை காலி. எங்களிடம் மிச்சம் ஒரே குண்டு. அது தாவோன் கையில்.

நிலைமை இதுதான். முதலில் நிற்பது பூவானுடையது, அடுத்தது பிம்சிரியுடையது, அதற்கடுத்தது மறுபடி பூவானுடையது. தாவோன் எதையும் தொடாமல் குண்டை ஓரமாகப் போட்டால் எங்களுக்கு ஒரு புள்ளி, பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு, இன்னொரு சுற்று ஆடலாம். பிம்சிரியின் குண்டை மட்டும் அடித்துத் தூக்கினால் இரண்டு புள்ளி, தங்கம். ஆனால் மூன்றும் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன. ஒரு விரல் அகலம் பிசகி, குட்டியை ஒட்டி நிற்கும் எங்கள் குண்டைத் தூக்கிவிட்டால், பிம்சிரியின் குண்டு முதலாவதாகிவிடும். அவர்களுக்கு ஒரு புள்ளி. எல்லாம் முடிந்தது.

வெளியிலிருந்து சிசவாட் உள்ளங்கையைத் தாழ்த்தித் தாழ்த்திக் காட்டினார். வேண்டாம், ஓரமாகப் போடு, அடுத்த சுற்றில் பார்த்துக்கொள்ளலாம். நானும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

தாவோன் திரும்பினாள். இரண்டு சுற்றாகப் பேசாதவள் அப்போதுதான் வாயைத் திறந்தாள். நாங்கள் கம்பியில் தொங்கிக்கொண்டிருந்ததால் எல்லாம் கேட்டது.

"என்ன பண்ணட்டும் பெரிம்மா?"

பூவான் வலது கையை அவளுக்கு முன்னால் நீட்டிக் காட்டினாள்.

"இதைப் பாரு. நடுங்குது. இந்த ரெண்டையும் நான் எப்படி வெச்சேன்னு எனக்கே தெரியல. இன்னொரு சுத்து வந்தா இந்தக் கை நிக்காதுடி. என்னை நம்பி ஓரமாப் போடாத."

"தப்பிருச்சுன்னா?"

"தப்பட்டும். கெடுத்தவ நான். ஊரு என்னைத்தான் பேசும், உன்னைப் பேசாது. பேசினா நான் கரண்டியோட வந்து நிக்கிறேன்."

"எனக்கு வேலை போயிடும் பெரிம்மா."

"தெரியும். அதனாலதான் சொல்றேன். என் கையில குடுக்காத. உன் கையில வெச்சுக்க. அடி."

தாவோன் குண்டு வீசுகிற வட்டத்துக்குள் போய் நின்றாள். சிசவாட் தலையில் கை வைத்துக்கொண்டார். ஆயிரம் பேர் இருக்கும் இடத்தில் பக்கத்துத் தெருவில் ஒருவன் பப்பாளிக்காய் இடிக்கும் சத்தம் கேட்டது. அவள் கையைப் பின்னால் கொண்டுபோனாள், கொண்டுவந்தாள், விட்டாள்.

டங்.

பிம்சிரியின் குண்டு எகிறிப் போய் எல்லைப் பலகையில் மோதியது. தாவோனுடைய குண்டும் அதன் பின்னாலேயே ஓடிவிட்டது. பூவானுடைய இரண்டும் அசையாமல், வைத்தது வைத்தபடி நின்றன.

கொட்டகை எழுந்தது. எழுந்த வேகத்திலேயே ஆயிரம் பேருக்கும் ஒரே பயம் வந்துவிட்டது. எல்லார் கண்ணும் பூவான் மேல். அவள் ஒரு அடி எடுத்து வைத்துவிட்டாள்!

"தொடாதே!" என்று நான் கத்தினேன். என் பக்கத்தில் இருந்தவன் கத்தினான். பின்வரிசை கத்தியது. கொட்டகை முழுக்க, சிசவாட், புள்ளிப் பலகை மாற்றும் பிள்ளைகள், வாசலில் நின்ற போலீஸ்காரர், அத்தனை பேரும் ஒரே குரலில்: "தொடாதே! தொடாதே! தொடாதே!"

பூவான் நின்றாள். இரண்டு கையையும் அக்குளில் செருகிக்கொண்டாள். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். தாவோன் ஓடிவந்து பின்னாலிருந்து அவளைக் கட்டி, அந்தக் கைகளையும் சேர்த்து இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேரும் அப்படியே மண்ணில் நட்டுவைத்த மாதிரி நின்றார்கள்.

பிம்சிரி மெதுவாக நடந்து வந்தாள். தரையில் கிடந்ததைப் பார்த்தாள். அவள் கூட்டாளி எதையோ சொல்ல வாயெடுத்தாள். பிம்சிரி கையைக் காட்டி அடக்கினாள். நாடா வேண்டாம் என்று நடுவரிடம் தலையசைத்து, இரண்டு விரலைக் காட்டினாள். நடுவரும் இரண்டு விரலைத் தூக்கினார். அப்புறம் அந்த அம்மாள் பூவானின் முகத்துக்கு நேரே வந்து நின்று, தன் பாஷையில் நிதானமாகச் சொன்னாள். எங்களுக்கு ஒவ்வொரு எழுத்தும் புரிந்தது.

"கண்ணைத் திறங்கக்கா. ஜெயிச்சிட்டீங்க. இப்ப எடுத்துக்கங்க."

பூவான் கண்ணைத் திறந்தாள். நம்பவில்லை. நடுவரைப் பார்த்தாள், அவர் தலையாட்டினார். எங்களைப் பார்த்தாள். கடைசியாகக் கழுத்தைத் திருப்பித் தாவோனைப் பார்த்தாள்.

"எடுக்கட்டுமாடி?" என்று கேட்டாள்.

"எடுங்க பெரிம்மா," என்று தாவோன் கையை விட்டாள். "எடுங்க, எடுங்க, எல்லாத்தையும் எடுங்க!"

பூவான் குனிந்தாள். குனிந்தவள் நிமிரவில்லை. இரண்டு குண்டுகளையும் மடியில் போட்டுக்கொண்டு மண்ணிலேயே உட்கார்ந்து ஓவென்று அழுதாள். தாவோன் அவள் மேலேயே விழுந்து அழுதாள். நாங்கள் ஆயிரம் பேரும் கம்பியைத் தாண்டி உள்ளே குதித்தோம்.